இசை நாடகப் பாட்டை வைத்து வாட்ஸ்அப்பில் பாட்டுக்குப் பாட்டு ஆடுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: வாட்ஸ்அப் குழுவில் சினிமாப் பாட்டை வைத்து அந்தாக்ஷரி ஆடிவரும் பத்துப் பேர், வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற இசை நாடகப் பாட்டுகளுக்கு மாற நினைக்கிறார்கள். பாட்டு எங்கே கிடைக்கும், விதியை எப்படி வைப்பது, ஸ்பெஷல் நாடகம் (இந்த இசை நாடகங்கள் இன்று மேடையேறும் முறை) கேட்டே பழக்கமில்லாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாக ஆடலாம். ஆனால் சினிமா அந்தாக்ஷரியின் விதியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் மூன்றாவது சுற்றிலேயே ஆட்டம் நின்றுவிடும். சினிமாப் பாட்டு தனியாக நிற்கும் சரக்கு. நாடகப் பாட்டில் பாதிக்கு மேல் எதிரில் நிற்பவருக்குச் சொல்லும் பதில். வள்ளி தினைப்புனத்தில் நின்று ஒன்று கேட்பாள், நாரதர் அதே மெட்டைப் பிடித்து மடக்குவார், அவள் திருப்பி மடக்குவாள். இதற்குத் தர்க்கம் என்று பெயர். அதாவது பாட்டுக்குப் பாட்டு என்பதே அந்த மேடையின் இயல்பு. அதனால் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டத்தைவிட, தர்க்கத்தைப் போல ஆடும் ஆட்டமே இந்தப் பாட்டுகளுக்குப் பொருந்தும். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் மேடையைப் பற்றிக் கொஞ்சம். 'ஸ்பெஷல்' என்றால் தனிச்சிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்கு இருப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) வேறு ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. தேதி குறிப்பது அவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒத்திகை கிடையாது. பல சமயம் வள்ளியும் முருகனும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதே ஒப்பனை அறையில்தான். அப்படியிருந்தும் விடிய விடிய நாடகம் ஓடுகிறதென்றால், கதையும் பாட்டின் வரிசையும் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருப்பதுதான் காரணம். அந்தப் பொதுச் சொத்தில் பெரும்பகுதியைக் கட்டி வைத்துப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், ஞானசௌந்தரி எல்லாம் அவர் கைவண்ணம்.

ஆட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? உங்கள் குழுவிலும் இதே பொதுச் சொத்து வேண்டும். பத்துப் பேரும் பத்து நாடகத்திலிருந்து பாட ஆரம்பித்தால் ஒருவர் பாட்டு இன்னொருவருக்குப் புரியாது, மடக்கவும் முடியாது. முதல் மாதம் வள்ளி திருமணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதை எல்லோருக்கும் தெரியும், பதிவுகளும் ஏராளம், தர்க்கமும் அதில்தான் அதிகம்.

கேட்பதை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். யூடியூபில் ஒரு நாடகத்தின் முழுப்பதிவு 6 மணி முதல் 8 மணி நேரம் வரை இருக்கும். முதல் நிமிடத்திலிருந்து போட்டால் ஆர்மோனியக்காரரின் பக்திப் பாட்டு வரும். அது அருமையாக இருக்கும். அதற்குப் பிறகு பபூன் வருவார், டான்ஸ் (நடனக்காரி) வருவார், இருவரும் சேர்ந்து ஒன்றரை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். இரட்டை அர்த்தம் சரமாரியாக வரும். குடும்பக் குழுவில் லிங்கைப் போட்டுவிட்டுச் சங்கடப்படுவது இந்த இடத்தில்தான். நாடகக் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாரதர் வரும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கிருந்து வள்ளியின் ஆலோலம் (பறவை விரட்டும் பாட்டு), நாரதர்–வள்ளி தர்க்கம், வேடன் வேடத்தில் முருகன் வருவது, வேடன்–வள்ளி தர்க்கம், கிழவர் வேடம், யானை, கடைசியில் கல்யாணம். இந்த வரிசை தெரிந்துவிட்டால் எந்தப் பதிவிலும் வழி தவறாது.

லிங்க் அனுப்பும்போது நேரத்தோடு அனுப்புங்கள். கணினியில் பகிர் பொத்தானை அழுத்தினால் இந்த நேரத்திலிருந்து என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்தால் போதும். போனில் அந்தக் கட்டம் இல்லையென்றால் லிங்கின் கடைசியில் நீங்களே சேர்க்க வேண்டும்: ஆங்கில டி (t) எழுத்து, சமக்குறி, பிறகு நொடிக்கணக்கு. 3 மணி 20 நிமிடம் என்றால் 12000. லிங்கில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் டி-க்கு முன்னால் 'அண்ட்' குறியை (&) போடுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறியைப் போடுங்கள். இதை மாற்றிப் போடுவதால்தான் பலருக்கும் லிங்க் முதலிலிருந்தே ஓடுகிறது.

இன்னொரு தொல்லை அன்பளிப்பு. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது யாரோ நூறு ரூபாயைக் கொண்டுவந்து கொடுப்பார். பாடுகிறவர் பாட்டை நிறுத்தி, கொடுத்தவர் பேர், ஊர், தொகை எல்லாம் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் தொடர்வார். அது அந்த மேடையின் மரியாதை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டத்துக்காக 30 நொடி துண்டு எடுக்கிறவர் இரண்டு அன்பளிப்புகளுக்கு நடுவே இருக்கும் இடத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பழைய இசைத்தட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. நாடக மேடையில் பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933), கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் தட்டுகள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் என்பதால் பாட்டும் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதை வைத்துச் சுருதி பிடிக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடவேண்டிய தட்டு 82, 83-இல் ஓடிப் பதிவாகியிருந்தால் சுருதி அரைக்கட்டை ஏறியிருக்கும். ஒரே பாட்டை இருவர் பதிவேற்றியிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும்.

வரிகளுக்குப் பாட்டுப் புத்தகம்தான் கதி. குஜிலிப் பதிப்புகளாக (மலிவு விலைச் சிறு புத்தகங்களாக) வந்த நாடக நூல்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நாடக நூல்களைத் தேடலாம். அவற்றைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பதம் பிரிக்காமல் ஒரே ஓட்டமாக அச்சிட்டிருப்பார்கள். பாட்டின் தலைப்பில் 'வர்ணமெட்டு' என்று போட்டு வேறொரு பாட்டின் முதலடியைக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பழைய பாட்டின் மெட்டில் இதைப் பாடு என்று அர்த்தம். 'விருத்தம்' என்றிருந்தால் தாளமில்லாமல் ராகத்தில் நீட்டிப் பாடுவது. 'தொகையரா' என்பது பாட்டுக்கு முன்னால் தாளம் சேராமல் வரும் சில அடிகள். இந்தச் சொற்கள் ஆட்டத்தில் உடனே சண்டையைக் கிளப்பும், கீழே பாருங்கள்.

இனி விதிகள். முதல் வகை எழுத்துச் சங்கிலி. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்தி, பின்னர் தொலைக்காட்சிக்கும் வந்த 'பாட்டுக்குப் பாட்டு' எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தாதி என்று பார்த்தால் இது நமக்குப் புதிதே இல்லை. ஆனால் தமிழில் கடைசி எழுத்தைப் பிடித்து ஓடுவதில் ஒரு குழி இருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. நம் அடிகள் முடிவதோ பெரும்பாலும் 'ன்', 'ள்', 'ம்', 'ணே', 'றே' என்றுதான். இந்தியில் நடக்கும் ஆட்டத்தை அப்படியே தமிழில் வைத்தால் முட்டிக்கொள்வது இதனால்தான்.

சண்டையில்லாமல் ஓடும் விதி இது. அடி மெய்யெழுத்தில் முடிந்தால் அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய உயிர்மெய்யை எடுங்கள்: 'வந்தேன்' என்றால் 'தே', 'மகள்' என்றால் 'க', 'தமிழ்' என்றால் 'மி'. எடுத்த எழுத்து ண, ன வரிசையாக இருந்தால் ந வரிசை. ட வரிசை என்றால் த. ற வரிசை என்றால் ர. ல, ள, ழ வரிசையில் வந்து விழுந்தால் இன்னும் ஓர் எழுத்து பின்னால் போங்கள்: 'வாழ' என்று முடிந்தால் 'வா'. குறில் நெடில் பார்க்காதீர்கள், அதே வரிசையில் எந்த உயிர்மெய்யும் செல்லும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் 'ரு', 'மி' போன்ற இடங்களில் ஆட்டம் செத்துவிடும்.

ர வரிசையை நான் திறந்துவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய சினிமாப் பாட்டில் ர, ஜ, ஸ எழுத்தில் தொடங்குவதற்குத் திணற வேண்டும். நாடகப் பாட்டு மணிப்பிரவாளம் கலந்த காலத்தது. ராஜ, ராம, ரதி, ஜெகம், ஸ்ரீ என்று தாராளமாகத் தொடங்கும். சினிமா ஆட்டத்தில் கஷ்டமான எழுத்து இங்கே சுலபம். ஐ, ஔ இரண்டும் எங்கும் கஷ்டம்தான்.

எந்த அடியின் கடைசி எழுத்து என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாடுகிறவர் சரணம் முடித்துப் பல்லவிக்குத் திரும்புவார். பல்லவியின் எழுத்தையே எடுத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் என்றென்றைக்கும் ஒரே எழுத்துதான், இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். பாடிய சரணத்தின் கடைசி அடியை எடுங்கள். தொடக்க எழுத்துக்கு மட்டும் பல்லவியின் முதல் சொல். தொகையராவும் விருத்தமும் கணக்கில் சேராது. 'காயாத கானகத்தே' பாட்டை மேடையில் எத்தனை நிமிட ஆலாபனைக்குப் பிறகு எடுத்தாலும் அது 'கா' பாட்டுதான். இழுப்பும் கணக்கில் சேராது: 'வா' என்பதை 'ஏ... ஏ...' என்று நீட்டினாலும் எழுத்தில் இருப்பதுதான் எழுத்து. அதனால் குரல் பதிவுக்குக் கீழே அடியையும், அடுத்தவருக்கான எழுத்தையும் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். தட்டச்சு இல்லாத பதிவு செல்லாது என்று கறாராக இருங்கள்.

'அது சினிமாப் பாட்டாச்சே' என்று ஒருவர் கிளம்புவார். 'காயாத கானகத்தே' மேடையிலும் இசைத்தட்டிலும் கிட்டப்பா பாடிப் பரவியது. 1945-இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடினார். முதலில் மேடை என்றால் செல்லும் என்று வையுங்கள். மேடையில் இப்போது நடுநடுவே பாடும் புதிய சினிமாப் பாட்டு செல்லாது.

இரண்டாவது வகை தர்க்க ஆட்டம். எனக்கு இதில்தான் ருசி. இருவர் மோதுவார்கள், மற்றவர்கள் மார்க் போடுவார்கள். முதல் ஆள் ஒரு தெரிந்த மெட்டில் இரண்டடி கட்டிப் பாடிக் கேள்வி போடுகிறார். எதிராளி அதே மெட்டில், அதே எதுகையில் இரண்டடியில் பதில் சொல்ல வேண்டும். எதுகை என்றால் ஒவ்வோர் அடியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பது. இது விளக்கத்துக்காக இங்கே கட்டியது, எந்த நாடகத்திலும் உள்ளதல்ல:

வேடன்: மானைத் தேடி வந்தேன் மலையோரம் – அந்த
மானைக் கண்ட துண்டோ உன் தினையோரம்?

வள்ளி: யானை போன பாதை அதோ பாரும் – வேடர்
சேனை வந்து சேருமுன் ஊர் சேரும்!

'னை' எதுகை நான்கடியிலும் நிற்கிறது. அடி முடிவில் வேடனுக்கு 'ஓரம்', வள்ளிக்கு 'ஆரும், ஏரும்' என்று இயைபு மாறிவிட்டது. கறாரான நடுவர் அதற்கு ஒரு மதிப்பெண் குறைக்கலாம். ஆனால் பொருளில் வள்ளிக்குத்தான் வெற்றி. மானைக் கேட்டவனுக்கு யானையைக் காட்டுகிறாள். பின்னால் அந்த யானையே தன்னைப் பயமுறுத்தி அவன் கையில் சேர்க்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கிற நமக்குத் தெரியும். 10 மதிப்பெண் என்றால் பொருளுக்கு 5, எதுகைக்கு 3, மெட்டு பிசகாததற்கு 2 என்று பிரிக்கலாம். குரலுக்கு மதிப்பெண் கூடாது. வைத்தால் நல்ல குரல் உள்ள இருவர் மட்டும் பாட, மற்ற எட்டுப் பேரும் கைதட்டும் கச்சேரியாகிவிடும். வாக்குக்கு வாட்ஸ்அப்பின் வாக்கெடுப்பு வசதியே போதும்.

பதிலில் வெளியுலகத்தை நுழைப்பதை அனுமதியுங்கள். அதுவும் மேடையில் உள்ளதுதான். நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, தினைப்புனத்தில் பறவை விரட்டும் சாக்கில், 'வெள்ளைக் கொக்கு பறக்குதடி' என்று வெள்ளைக்காரனைப் பாடினார். அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கொக்கு தினை தின்னாது என்று அன்று யாரும் தர்க்கம் பண்ணவில்லை. 1940-இல் முருகன் வேடத்தோடு மேடையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது.

முறை போடுவதில் ஒரு எச்சரிக்கை. 'யார் முதலில் அனுப்புகிறாரோ அவருக்கே' என்ற விதி வாட்ஸ்அப்பில் சரிப்படாது. ஒருவர் போனில் சிக்னல் இல்லாமல் நின்ற குரல் பதிவு பத்து நிமிடம் கழித்து வரும். நான்தான் முதலில் அனுப்பினேன் என்பார், அவர் போனில் நேரமும் அப்படித்தான் காட்டும். பேர்ப் பட்டியலை மேலே பின் செய்து வைத்து, வரிசைப்படி ஆளுக்கு 12 மணி நேரம் கொடுங்கள். தவறினால் அடுத்தவர். பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், முறை திரும்பி வருவதற்குள் ஆர்வம் போய்விடும்.

பதிவு 30 நொடியைத் தாண்டக் கூடாது. மைக் குறியை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் கை சும்மா இருக்கும், தாளம் போடலாம். சுருதிக்குத் தம்பூரா ஆப்பை அதே போனில் வைக்காமல் இன்னொரு போனில், மூன்றடி தள்ளி, மெல்லிய ஒலியில் வையுங்கள். அருகில் வைத்தால் சுருதி மேலேறிக் குரல் அமுங்கும். கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: 1 கட்டை என்பது கீபோர்டில் சி, 2 டி, 4 எஃப், 5 ஜி, அரை சேர்ந்தால் அதற்கு வலப்பக்கத்தில் ஒட்டிய கறுப்புக் கட்டை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பாடிய பாணி இது, அதனால் பழைய தட்டுகளில் சுருதி எட்டாத உயரத்தில் இருக்கும். அதே கட்டையில் பாட முயன்று தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தர்க்க ஆட்டத்தில் இருவரும் ஒரே கட்டையில் பாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேடையிலாவது நடுவில் ஆர்மோனியக்காரர் சமாளிப்பார், குரல் பதிவுகளுக்கு நடுவே அதற்கு அவசியமே இல்லை.

வாரம் ஒருமுறை வீடியோ காலில் நேரடியாக ஆடலாம். ஆனால் சேர்ந்து பாடாதீர்கள், ஒருவர் பாட இன்னொருவர் ஜால்ராவும் தட்டாதீர்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி. இணையத்தில் கால் நொடி தாமதம் சர்வ சாதாரணம். தாளம் பாதித் தட்டு தள்ளி விழும். அத்தோடு கால் செயலிகள் இரைச்சலை வடிகட்டும்போது தம்பூராவையும் ஆர்மோனியத்தின் நீள் ஸ்வரத்தையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். ஜூமில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டு, எல்லோரும் இயர்போன் மாட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. சங்கரதாஸ் சுவாமிகளின் வரிகளை யாரும் பாடலாம், அனுப்பலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு என்பதால் 1930-களின் தட்டுகளுக்கும் தடை இல்லை. இன்று மேடையில் பாடுகிறவர்களின் பதிவை வெட்டி உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். நேரக்குறிப்போடு லிங்க் அனுப்பினால் அந்தச் சிக்கலே இல்லை.

நாடகத்தை நேரில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழா நோட்டீஸ்களைப் பாருங்கள். வேடதாரிகளின் படமும் ஊர்ப் பேரும் அதில் இருக்கும். பத்து மணி என்று போட்டிருக்கும். பாட்டுக்காக மட்டும் போகிறவர்கள் பன்னிரண்டுக்குப் போனாலும் நாரதர் வந்திருக்க மாட்டார். ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராமல், ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக மேடையை ஒட்டி உட்காருங்கள். ராஜபார்ட் பாட்டை எடுக்கும் முன் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைப்பதும், அவர் சுருதியை மாற்றிக் கொடுப்பதும் அங்கிருந்துதான் தெரியும். அனுமதி கேட்டுக் குரலை மட்டும் பதிவு செய்கிறவர்கள் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் மணிக்கு 58 எம்பி வீதம் எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பி இடம் போதும். பவர்பேங்க் இல்லாமல் போகாதீர்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் குழுவில் இருந்தால் அடுத்த நாடகமாக அரிச்சந்திர மயான காண்டத்தை எடுங்கள். யாழ்ப்பாணத்து நாடக நடிகர் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாடும் விதம் மதுரைப் பக்கத்துப் பாட்டிலிருந்து வேறாக இருக்கும். ஒரே காட்சியை இரண்டு பாணியிலும் பாடி அனுப்பச் சொல்வதே தனி ஆட்டம்.

ஒன்று விட்டுப்போயிற்று. விடியற்காலை மங்களம் பாடியதும் நாடகம் முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் பாடுவதில்லை. குழுவிலும் அப்படியே வையுங்கள்: முறை வரும்போது ஒருவர் மங்களம் பாடி அனுப்பினால் அந்தச் சுற்று அத்தோடு முடிந்தது. ஆளுக்கு மாதத்துக்கு ஒரு மங்களம்தான் என்று எண்ணிக்கையும் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 'ஐ' வந்தவுடன் எல்லோரும் மங்களம் பாடிவிடுவார்கள்.